திருச்சி விமான நிலையத்திலிருந்து கானாடுகாத்தானுக்கு: வயதானவர்களோடு இரவில் வந்து இறங்கினால் எப்படிப் போவது?

ஈப்போவாசி (கேள்வி)

செட்டிநாட்டு உறவுகள் அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் கானாடுகாத்தானில் எங்கள் பாட்டன் வீட்டில் அப்பச்சிக்குச் சதாபிஷேகம் வைத்திருக்கிறோம். அப்பச்சிக்கு எண்பது வயது நிறைகிறது. ஆத்தாவுக்கு முழங்கால் வலி அதிகம்; பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார்கள். இவர்கள் இருவரும், நானும், என் மனைவியும், இரண்டு பிள்ளைகளுமாக ஆறு பேர் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானத்தில் வருகிறோம். விமானம் இரவு பதினோரு மணியை ஒட்டித் தரையிறங்கும். விசேஷத்துக்கான சாமான்களும் இருப்பதால் ஆளுக்கொரு பெரிய பெட்டியாவது வரும்.

இணையத்தில் தேடினால், விமான நிலையத்திலிருந்து திருச்சி மத்திய பேருந்து நிலையத்துக்குப் போய், அங்கிருந்து காரைக்குடிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். உறவினர்களில் ஒருவர் இரவு திருச்சியில் விடுதி எடுத்துத் தங்கிவிட்டுக் காலையில் ரயிலில் வரச் சொல்கிறார். இன்னொருவர் இறங்கிய கையோடு காரில் புறப்பட்டுவிடச் சொல்கிறார். என் தம்பி மகன் மறுநாள் பகலில் தனியாக ஒரு தோள்பையோடு வந்து இறங்குகிறான். அவனுக்குப் பேருந்தே போதுமா என்றும் தெரிய வேண்டும். வரைபடத்தில் 'செட்டிநாடு விமான நிலையம்' என்று ஓர் இடம் காட்டுகிறதே, அது என்ன? அனுபவப்பட்டவர்கள் சற்று விரிவாகவே சொல்ல வேண்டுகிறேன்.

கோட்டையூர்க்காரர்

ஈப்போ அண்ணனுக்கு வணக்கம். முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் திருச்சி நகரத்துக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. இணையத்தில் எழுதுகிறவர்கள் பலர் எல்லாப் பயணத்தையும் மத்திய பேருந்து நிலையத்திலிருந்து தொடங்கியே பழகியவர்கள். ஆனால் விமான நிலையம் அமைந்திருப்பதே புதுக்கோட்டைச் சாலையின் மேல்தான். அந்தச் சாலைதான் புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை. ரயில் சந்திப்பும் பழைய பேருந்து நிலையமும் விமான நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் வடமேற்கே, அதாவது உங்கள் ஊருக்கு எதிர்த்திசையில் இருக்கின்றன. பெட்டிகளோடும் பெரியவர்களோடும் அங்கே போய், இறங்கி, மறுபடி வேறு வண்டியில் ஏறி, புறப்பட்ட அதே விமான நிலைய வாசலைக் கடந்துதான் ஊருக்கு வர வேண்டும். அந்த வேலை எதற்கு?

வாசலை விட்டு வெளியே வந்ததும் வண்டி புதுக்கோட்டைப் பக்கம் திரும்பினால் மாத்தூர், கீரனூர், புதுக்கோட்டைப் புறவழிச்சாலை, நமணசமுத்திரம், திருமயம் என்று ஒரே நேர்கோடுதான். கானாடுகாத்தான் வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வரும். இரவில் ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகவே வந்துவிடலாம். காரைக்குடிக்குப் போகிறவர்கள் இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போல எங்கள் கோட்டையூர் வழியாகப் போக வேண்டும். திருமயத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். 1687-ஆம் ஆண்டு சேதுபதி கட்டிய கோட்டையும், அதன் மதிலை ஒட்டிச் சாலையோரமாகவே இருக்கிற கோட்டை பைரவர் சந்நிதியும் வந்துவிட்டால், உங்கள் ஊர் விலக்கு பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள்.

தம்பி மகனுக்குப் பேருந்து தாராளமாகப் போதும். புதிய முனையம் 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய முனையம்போல் அது நெடுஞ்சாலையை ஒட்டி இல்லை. உள்ளே தள்ளி இருக்கிறது. தோள்பையோடு வருகிற வாலிபன் நடந்தே சாலைக்கு வந்துவிடலாம். வெயில் நேரமாக இருந்தால் ஆட்டோவில் வரட்டும். சாலைக்கு வந்த பின் புதுக்கோட்டைக்குப் போகும் பேருந்தில் ஏறி, புதுக்கோட்டை புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து காரைக்குடிப் பேருந்தில் ஏறுவது ஒரு வழி. நேராகவே காரைக்குடி, தேவகோட்டை போகிற வண்டி கிடைத்தால் அதில் ஏறிக் கானாடுகாத்தான் விலக்கில் இறங்கிக்கொள்ளலாம். ஏறும் முன்னரே நடத்துநரிடம் "கானாடுகாத்தான் விலக்கு நிற்குமா?" என்று கேட்டுவிட வேண்டும்; ஒன் டு ஒன் என்று பலகை மாட்டிய வண்டிகள் இடையில் நிற்காது. விலக்கிலிருந்து ஊருக்குள் ஓரிரு கிலோமீட்டர் இருக்கிறது. வீட்டிலிருந்து யாராவது ஒரு வண்டியோடு வந்து நின்றால் நல்லது.

இதே பாதையில் ஊருக்குத் திரும்புகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025-இல் மதுரைச் சாலையில் பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு வெளியூர் வண்டிகளின் போக்கு மாறியிருக்கிறது. எனவே காரைக்குடியிலிருந்து பேருந்தில் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள், பழைய நினைப்பில் ஏறி உட்காராமல், "ஏர்போர்ட் வாசல் வழியாகப் போகுமா?" என்று கேட்ட பிறகே சீட்டு வாங்க வேண்டும்.

வரைபடத்தில் நீங்கள் பார்த்த செட்டிநாடு விமான நிலையம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போடப்பட்ட ஓடுதளம். அதைச் சுற்றி இப்போது கால்நடைப் பண்ணை இருக்கிறது. அதைப் புதுப்பித்துப் பயணிகள் விமானம் விட வேண்டும் என்பது இந்தப் பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இன்றைக்கு அங்கே எந்தப் பயணி விமானமும் வந்து இறங்குவதில்லை.

செக்காலை வண்டி

வணக்கம் அண்ணே. நான் காரைக்குடியில் வாடகை வண்டி வைத்து ஓட்டுகிறவன். திருச்சி ஏர்போர்ட் சவாரி எனக்கு அன்றாட வேலை. கோட்டையூர் அண்ணன் பாதையைச் சரியாகச் சொல்லிவிட்டதால் நான் வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆறு பேர், ஆறு பெரிய பெட்டி என்றால் ஒரே இன்னோவாவில் அடங்காது. ஏழு பேர் உட்காரலாம் என்பது உண்மைதான். ஆனால் கடைசி இருக்கையில் ஆள் உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பின்னால் இரண்டு சிறிய பெட்டிக்குத்தான் இடம் மிஞ்சும். மேலே கேரியர் உள்ள வண்டியாகக் கேளுங்கள். கேரியர் என்று சொன்னால் போதாது. கயிறும் தார்ப்பாயும் வண்டியிலேயே இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தை மாதத்தில் மழை இருக்காது என்றாலும் பனி இறங்கும், பெட்டி நனையும். என்னைக் கேட்டால், பெரியவர்கள் இருவரையும் உங்கள் மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு வண்டியில் சௌகரியமாக உட்கார வைத்துவிட்டு, பெட்டிகளோடு நீங்கள் ஒரு சிறிய வண்டியில் பின்னால் வருவதுதான் நல்லது. காலை நீட்ட இடமில்லாமல் முழங்கால் வலிக்காரர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்தால், மறுநாள் விசேஷ வீட்டில் எழுந்து நடப்பது சிரமம்.

வண்டியைத் திருச்சியில் பிடிப்பதா, காரைக்குடியிலிருந்து வரவழைப்பதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். திருச்சி வண்டி உங்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டும். காரைக்குடி வண்டி காலியாகப் போய் உங்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இரண்டுக்கும் போக வர கிலோமீட்டர் கணக்குத்தான் போடுவார்கள். ஆகவே வாடகையில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் இருப்பது ஆளில்தான். நடு இரவில் வீடு திரும்புகிற ஓட்டுநருக்குக் கானாடுகாத்தானில் தெரு தெரியும், விலக்கு தெரியும், வழி கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். திருச்சியிலிருந்து செயலியில் வருகிற வண்டி நகரத்துக்குள் போவதற்கு நல்லதுதான். ஆனால் இரவில் இவ்வளவு தூரம் என்று தெரிந்ததும் சவாரியை ரத்து செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பெரியவர்களை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் வாசலில் நிற்கக் கூடாது.

பேசும்போது நான்கு கணக்கையும் சேர்த்தே பேசிவிடுங்கள்: கிலோமீட்டர் வாடகை, ஓட்டுநர் பேட்டா, டோல், ஏர்போர்ட் நிறுத்தக் கட்டணம். லெம்பலாக்குடியில் சுங்கச்சாவடி இருக்கிறது. அங்கே ஃபாஸ்டேக்கில் கழிகிற தொகை வாடகைக்குள் அடக்கமா, தனியா என்பதைப் புறப்படும் முன்பே தெளிவாக்கிக்கொண்டால், வீட்டு வாசலில் இறங்கி நின்று பேச வேண்டியிருக்காது. மஞ்சள் போர்டு வண்டியாக இருக்கட்டும். சொந்தக்காரரின் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு அனுப்புகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டில் சிக்கல் வரும்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விமானம் பதினொன்றுக்கு இறங்கினால் நீங்கள் பதினொன்றுக்கு வெளியே வர முடியாது. குடியேற்றச் சோதனை, பெட்டி வரும் பட்டை, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். அடுத்தடுத்து இரண்டு வெளிநாட்டு விமானங்கள் இறங்கிவிட்டால் இன்னும் கூடும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வருகை அட்டையை இப்போது இணையத்திலேயே நிரப்பிவிட்டு வரலாம். ஆறு பேருக்கும் அதை அங்கிருந்தே முடித்துக்கொண்டு வாருங்கள். வண்டியை இறங்கும் நேரத்துக்கு வாசலுக்கு வரச் சொல்லாதீர்கள். ஓட்டுநர் நிறுத்துமிடத்தில் காத்திருக்கட்டும். பெட்டிகள் கைக்கு வந்த பிறகு அழையுங்கள். அப்படி அழைப்பதற்கு உங்கள் மலேசிய எண் இங்கே வேலை செய்ய வேண்டும். ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஓட்டுநர் எண்ணை இரண்டு பேர் கைபேசியிலாவது பதிந்து வையுங்கள். வண்டி எண்ணையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, அன்று பகலில் வேறு சவாரி ஓட்டாத ஓட்டுநராக வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரவு ஒரு மணிக்கு மேல் கீரனூர் தாண்டினால் சாலை காலியாக இருக்கும். காலியான நேர்ச்சாலையில்தான் கண் சொருகும். முன் இருக்கையில் யாராவது விழித்திருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். திருமயத்தில் பைரவர் சந்நிதி எதிரே நாங்கள் எல்லோரும் வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். ஓட்டுநர் அங்கே இறங்கினால் அவசரப்படுத்தாதீர்கள். முகம் கழுவி, தூக்கம் கலைந்து வருவார்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, ஆம்பிளைகள் எல்லோரும் வண்டியையும் சாலையையும் பற்றி நன்றாக எழுதிவிட்டார்கள். உங்கள் அப்பச்சியையும் ஆத்தாவையும் பற்றி நான் எழுதுகிறேன். என் மாமியாரைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போய் வந்தது முழுக்க நான்தான். ஆகவே சொல்வதற்கு உரிமை உண்டு.

பயணச்சீட்டு எடுத்தவுடனேயே இருவருக்கும் சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள். "நான் நடப்பேன், எனக்கெதற்கு நாற்காலி?" என்று உங்கள் அப்பச்சி கட்டாயம் சொல்வார்கள். ஆத்தாவோடு கூடவே போகலாம் என்று சொல்லுங்கள், சம்மதிப்பார்கள். புதிய முனையம் பெரியது. விமானத்திலிருந்து வெளிவாசல் வரை முதியவர் கால்களுக்கு அது நெடுந்தூரம். நாற்காலியில் வந்தால் குடியேற்ற வரிசையிலும் காத்து நிற்க வேண்டியிருக்காது, உதவிக்கு வருகிறவர் வண்டி வரை கொண்டுவந்து விடுவார்.

முனையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். இதை யாரும் எழுதவில்லை. அந்த நேரத்தில் விமான நிலையத்தை விட்டால், வீடு வந்து சேரும் வரைக்கும் முழங்கால் வலி உள்ள ஒரு பெண் நிம்மதியாகப் போய் வரக்கூடிய மேல்நாட்டுக் கழிப்பறை வழியில் கிடைப்பது அரிது. புறவழிச்சாலையில் போவதால் புதுக்கோட்டை ஊருக்குள்ளும் நுழைய மாட்டீர்கள். மாத்திரையை விமானத்திலேயே கொடுத்துவிடுங்கள். நீர் பிரிகிற மாத்திரையாக இருந்தால் எந்த நேரத்தில் கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காரில் ஏசியைக் குறைக்கச் சொல்லி, ஒரு சால்வையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் வைத்துக் கேரியரில் கட்டிவிடாதீர்கள். தைப் பனி பொல்லாதது.

விடுதியில் தங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். விமானம் நேரத்துக்கு வந்து, நள்ளிரவை ஒட்டி வெளியே வந்துவிட்டால் தங்காமல் ஊருக்கே வந்துவிடுங்கள். விடுதி என்றால் ஊருக்குள் எதிர்த்திசையில் போக வேண்டும், பெட்டிகளை இறக்க வேண்டும், ஆறு பேருக்கும் அடையாளச் சான்று காட்டிப் பதிய வேண்டும், பழக்கமில்லாத கட்டிலில் படுத்துப் பாதித் தூக்கத்தில் எழுந்து மறுபடி பெட்டி கட்ட வேண்டும். வயதானவர்களுக்கு அதுதான் பெரிய களைப்பு. விமானம் தாமதமாகி இரண்டு மணிக்கு மேல் வந்தால் மட்டும் தங்குங்கள். விடிந்த பிறகு தெம்பான ஓட்டுநரோடு வரலாம். அதற்காக விமான நிலையத்துக்கு அருகிலேயே, லிஃப்ட் உள்ள ஒரு விடுதியை முன்னதாகப் பார்த்து வையுங்கள். ரத்து செய்துகொள்ளக் கூடியதாக இருக்கட்டும். காலையில் பெரியவர்களை ரயிலில் ஏற்ற வேண்டாம். திருச்சி சந்திப்பில் நடைமேடை மாறுவதும், பெட்டிகளோடு சிறிய நிலையத்தில் அவசரமாக இறங்குவதும் இவர்களுக்கு ஒத்துவராது.

ஊருக்கே வருவதென்றால் வீடு தயாராக இருக்க வேண்டும். நம் வீடுகள் ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடப்பவை. முதல் நாளே ஆள் வைத்துப் பெருக்கித் துடைத்து, மோட்டார் ஓடுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கீழே ஓர் அறையில் கட்டிலும் கொசுவலையும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பட்டாலையில் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆத்தாவால் தரையிலிருந்து எழுந்திருக்க முடியாது. ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீரும், கொஞ்சம் இடியாப்பமோ இட்லியோ வைத்திருந்தால் போதும், அந்த நேரத்தில் வேறு எதுவும் இறங்காது.

ஈப்போவாசி

ஆச்சிக்கும் அண்ணன்மார் இருவருக்கும் மிகுந்த நன்றி. சக்கர நாற்காலியை இன்றே பதிந்துவிட்டேன். அப்பச்சி ஆச்சி சொன்னபடியேதான் மறுத்தார்கள், ஆச்சி சொன்ன சமாதானத்தையே சொல்லி இணங்க வைத்தேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. துபாயிலிருந்து வரும் என் அத்தான் குடும்பத்துக்கு மதுரைக்கு விமானம் கிடைக்கிறது. அவர்கள் மதுரை வழியாக வரலாமா? சென்னையிலிருந்து வருகிற பங்காளிகள் விமானத்தில் திருச்சிக்கு வந்து வருவது நல்லதா, வேறு வழி இருக்கிறதா?

திருப்பத்தூர்ச் சாலை

மதுரையைப் பற்றி நான் சொல்கிறேன். மதுரை விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காரைக்குடிச் சாலையோ நகரத்தின் வடகிழக்கே மேலூர் வழியாகப் புறப்படுகிறது. ஆகவே திருச்சியில் கிடைக்கிற வசதி இங்கே இல்லை. நகரத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். காரில் வந்தால் மண்டேலா நகரில் சுற்றுச்சாலையைப் பிடித்து, விரகனூர் வழியாக மாட்டுத்தாவணிப் பக்கம் ஏறி, மேலூர், திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி வழியாகக் காரைக்குடியை அடையலாம். மதுரை ஊருக்குள் நுழைய வேண்டிய தேவை வராது. காரைக்குடிக்கு 95 கிலோமீட்டர் போல வரும். கானாடுகாத்தானுக்கு அதற்கும் மேலே இன்னும் கொஞ்சம்.

பேருந்தில் வருகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு வர வேண்டும். பெரியார் நிலையத்துக்குப் போகும் நகரப் பேருந்தில் ஏறிவிட்டால் அங்கிருந்து மறுபடி மாட்டுத்தாவணிக்கு ஒரு பேருந்து மாற வேண்டியிருக்கும். மாட்டுத்தாவணியிலிருந்து காரைக்குடிக்கு அடிக்கடி வண்டி உண்டு. ரயிலை எண்ண வேண்டாம். மதுரையிலிருந்து காரைக்குடிக்கு நேர்ப் பாதை கிடையாது, மானாமதுரை வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

எந்த விமான நிலையம் என்பதை ஊரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, மகிபாலன்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு மதுரையே அருகு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்க்காரர்களுக்குத் திருச்சிதான் சரி. விமானக் கட்டணத்தில் மிச்சமாவதைக் கார் வாடகையில் விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் அத்தான் குடும்பத்துக்கு மதுரைக்கு நேர் விமானமும், திருச்சிக்கு இடையில் மாறுகிற விமானமும்தான் கிடைக்கிறது என்றால், தயங்காமல் மதுரைக்கே வரட்டும்.

கோட்டையூர்க்காரர்

சென்னைப் பங்காளிகளுக்கு விமானமே வேண்டியதில்லை என்பது என் கருத்து. பல்லவன் விரைவு ரயில் பிற்பகலில் சென்னை எழும்பூரில் புறப்பட்டு இரவு காரைக்குடிக்கே வந்து முடிகிறது. அதிகாலையில் அங்கிருந்து திரும்புகிறது. சென்னையில் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போய், இரண்டு மணி நேரம் காத்திருந்து, திருச்சியில் இறங்கி மறுபடி 75 கிலோமீட்டர் காரில் வருகிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் லாபம் அதிகம் இல்லை. இராமேசுவரம் போகிற இரவு ரயில்களும் இந்தப் பாதையில்தான் வருகின்றன. அவை நள்ளிரவுக்குப் பிறகு வருவதால் பெரியவர்களுக்கு ஏற்றவை அல்ல. கானாடுகாத்தானுக்கு மிக அருகில் இருக்கிற ரயில் நிலையத்தின் பெயரே செட்டிநாடு. எல்லா விரைவு ரயிலும் அங்கே நிற்பதில்லை. ஆகவே காரைக்குடிக்கோ புதுக்கோட்டைக்கோ சீட்டு எடுத்துக்கொண்டு அங்கிருந்து வண்டி வைத்துக்கொள்வது நிச்சயமானது. தை மாதம் என்றால் பொங்கலும் முகூர்த்தங்களும் சேர்ந்து வரும். ரயில்வே முன்பதிவு தொடங்குகிற அன்றே இடம் பிடித்துவிடச் சொல்லுங்கள்.

செக்காலை வண்டி

இன்னும் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டது, அண்ணே. ஓட்டுநருக்கு வரைபடத்தில் இடத்தைக் குறித்து அனுப்புவீர்கள் அல்லவா, அந்தக் குறி எந்தத் தெருவில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தானில் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு வாசல் என்று இரண்டு தெருவுக்கும் நீண்டு கிடக்கின்றன. வரைபடம் பல வீடுகளுக்குப் பின்வாசலைத்தான் காட்டுகிறது. வீட்டுக்காரர் முகப்பில் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருக்க, வண்டி பின் தெருவில் பூட்டிய கதவின் முன்னால் நின்றுகொண்டிருக்கும். முகப்பில் திண்ணைக்கு ஏறப் படிகள் இருக்கும். உங்கள் ஆத்தாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். பின்கட்டு வாசலில் படி குறைவாக இருந்தால் அங்கேயே இறக்குவதுகூட நல்லது. எது வசதி என்று வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரைக் கேட்டு, அந்த வாசலுக்கே குறி வைத்து அனுப்புங்கள். அந்தக் கதவைத் திறந்து வைக்கவும் சொல்லிவிடுங்கள்.

திரும்பிப் போகும் நாளுக்கும் இப்போதே பேசிவிடலாம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே இருக்க வேண்டும்; சாலைக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே புறப்பாட்டு நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னதாக வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அன்று முகூர்த்த நாளாக இருந்தால் இன்னும் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்; வழியில் மண்டபங்களின் முன் வண்டிகள் நின்று சாலை குறுகிவிடும். விசேஷ வீட்டுப் பலகாரங்களைப் பெட்டியில் வைப்பீர்கள். வீட்டிலேயே ஒரு தராசில் எடையைப் பார்த்துக் கட்டிவிட்டால், ஏர்போர்ட் தரையில் பெட்டியைத் திறந்து ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைக்கிற நேரம் மிச்சமாகும். அந்த முகூர்த்த வாரத்தில் கேரியர் வண்டிகள் எல்லாம் முன்னதாகவே பேசப்பட்டுவிடும் என்பதால், போக, வர இரண்டு நாளையும் மார்கழி பிறப்பதற்குள் உறுதி செய்துவிடுங்கள்.